ஸ்டாக்ஹோம் வாசா அருங்காட்சியகம்: அரை நாள் ஒதுக்கிவிட்டுப் போங்கள்

ஸ்டாக்ஹோமில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் வாசா அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. இதுவரை ஐந்து முறை போயிருக்கிறேன், கடைசியாக அப்பாவோடு. முதல் முறை நான் போனது ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில்தான், பெயர் வேண்டாம், முக்கால் மணி நேரம் தந்தார்கள், அதில் பத்து நிமிடம் கழிப்பறை வரிசையிலேயே போய்விட்டது. பெரிய கப்பல், புறப்பட்ட அன்றே மூழ்கியது, அப்படியே முழுசாக எடுத்துவிட்டார்கள் என்ற மூன்று வரியோடு வெளியே வந்தேன். அந்த மூன்று வரி போதும் என்றால் போட்டோ பார்த்தாலே போதும். போவதாக இருந்தால் குறைந்தது மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

போகும் வழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 7-ம் எண் டிராம் வாசல் பக்கத்திலேயே நிற்கும், அதிலும் போகலாம். ஆனால் முடிந்தால் ஸ்லுஸ்ஸன் துறையிலிருந்து, அருங்காட்சியகம் இருக்கும் யூர்கோர்டன் தீவுக்குப் போகும் சின்னப் படகில் ஏறுங்கள். பத்து நிமிடம்தான். 1628 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை, மாலைத் தொழுகை முடிந்து ஊரே கரையில் கூடி நிற்க, அரண்மனைக்குக் கீழேயிருந்து இழுத்துவரப்பட்ட வாசா கப்பல் பாய் விரித்தது இந்தப் பக்கத்தில்தான். பத்துப் பாய்களில் நான்கைத்தான் விரித்தார்கள். ஒரு சிறு காற்று சாய்த்தது, நிமிர்ந்தது. அடுத்த காற்றில் சாய்ந்தபோது மரியாதைக் குண்டு போடுவதற்காகத் திறந்து வைத்திருந்த கீழ்த்தளத்துப் பீரங்கிச் சன்னல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. மொத்தம் 1,300 மீட்டர் ஓடியிருக்கும், அவ்வளவுதான். பெக்ஹோல்மன் தீவுக்குப் பக்கத்தில் 32 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. படகில் போனால் அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டே போகலாம், அதற்காகத்தான் சொல்கிறேன். கரையில் நின்றவர்களுக்கு முகங்கூடத் தெரிந்திருக்கும் தூரம்.

உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். மரத்தைக் காப்பாற்றுவதற்காக வெளிச்சத்தைக் குறைத்து, குளிர்ச்சியையும் ஈரப்பதத்தையும் ஒரே அளவில் வைத்திருக்கிறார்கள், கோடையில் போனாலும் மேல்சட்டையைக் கழற்றாதீர்கள். அப்புறம் எதிரே அது நிற்கும். 69 மீட்டர் நீளம், பாய்மரம் 50 மீட்டருக்கு மேல், கன்னங்கரேலென்று. மாதிரி ஏதுமில்லை, 98 சதவீதத்துக்கு மேல் பழைய மரமேதான். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு அங்கே பிழைக்காது, அதனால்தான் 333 வருஷம் கழித்து 1961 ஏப்ரல் 24 அன்று மேலே கொண்டுவந்தபோது கப்பல் கப்பலாகவே வந்தது. மரத்தில் ஊறியிருந்த தண்ணீரை வெளியேற்றி அந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைச் செலுத்த 17 வருஷம் இடைவிடாமல் தெளித்திருக்கிறார்கள். கப்பலுக்குள் ஏற விடமாட்டார்கள், சுற்றிச் சுற்றி ஒவ்வொரு மாடியிலும் நின்றுதான் பார்க்க வேண்டும். பீரங்கித் தளத்தின் ஒரு பகுதியை மட்டும் வெளியே தனியாக அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறார்கள், அதற்குள் நடக்கலாம், குனிந்துதான்.

பெரும்பாலானவர்கள் இந்த வியப்போடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இந்த இடம் பிடித்ததற்குக் காரணம் வேறு. 17-ம் நூற்றாண்டு சுவீடன் எப்படி ஓடியது, யார் சொன்னால் நடந்தது, யார் வாய் மூடிக்கொண்டார்கள், யார் தலையில் செலவு விழுந்தது, எல்லாம் இந்த ஒரு கப்பலில் இருக்கிறது, பொறுமையாகப் பார்த்தால்.

முதலில் கப்பலின் முன்பக்கத்துக்குப் போங்கள். எல்லோரும் பின்பக்கத்துச் சிற்பங்களைத்தான் படம் பிடிப்பார்கள். மொத்தம் ஏறக்குறைய 700 சிற்பங்கள், பின்பக்கம் உச்சியில் சின்னப் பையனாக குஸ்தாவ் அடால்ஃப், இரண்டு பக்கமும் கழுகுத்தலைச் சிங்கங்கள் அவன் தலைமேல் கிரீடம் பிடித்திருக்கும், அதையும் பாருங்கள், இன்றைக்குக் கருப்பாகத் தெரிவதெல்லாம் அன்றைக்குப் பளீரென்று வண்ணம் அடித்தது, பக்கத்தில் உள்ள பத்தில் ஒரு பங்கு மாதிரியில் அந்த வண்ணங்கள் தெரியும், நம்மூர்க் கோபுரம் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகவே இருக்காது. ஆனால் முன்பக்கத்தில் ஒரு சிறிய உருவம் இருக்கிறது, பெஞ்சுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு போலந்து பிரபு. போலந்தில் அவதூறு பேசிய பிரபுவுக்குக் கொடுக்கும் அவமானத் தண்டனை அது, பெஞ்சுக்கடியில் தவழ வேண்டும். அதை எதற்கு ஒரு சுவீடன் போர்க்கப்பலின் மூக்கில் செதுக்கினார்கள்?

இது அப்பட்டமான பங்காளிச் சண்டை, வேறு சொல்லே இல்லை. வாசா என்பது அரச குடும்பத்தின் பெயர். 1523-ல் டென்மார்க் பிடியிலிருந்து நாட்டை விடுவித்து ராஜாவான குஸ்தாவ் வாசாவின் பேரன்கள் இரண்டு பேர். ஒருவர் சிகிஸ்முண்ட், கத்தோலிக்கர், போலந்துக்கும் சுவீடனுக்கும் சேர்த்து ராஜாவாக இருந்தவர். அவரை அவருடைய சித்தப்பா கார்ல் 1599-ல் சுவீடன் அரியணையிலிருந்து இறக்கி, சிகிஸ்முண்ட் பக்கம் நின்ற பிரபுக்கள் சிலரை 1600-ல் லின்ஷோப்பிங் ஊரில் தலையை வெட்டி, பிறகு தானே ராஜாவானார். அந்த கார்லின் மகன்தான் கப்பல் கட்டச் சொன்ன குஸ்தாவ் அடால்ஃப், 1611-ல் 17 வயதுகூட நிரம்பாமல் பட்டத்துக்கு வந்தவர். போலந்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மகனோ அரியணை எனக்குத்தான் என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்றே. அந்தப் பெயரைச் சூட்டி, பங்காளி நாட்டுக்காரனைப் பெஞ்சுக்கடியில் தள்ளி, அவனோடு சண்டை போட அனுப்பிய கப்பல் இது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த மரச்சிற்பம் ஒவ்வொன்றும் பேசும். முன்பக்கத்தில் வரிசையாக 20 ரோமானியப் பேரரசர்கள் இருக்கிறார்கள், திபேரியஸிலிருந்து தொடங்கி. முதல் பேரரசர் அகஸ்டஸைக் காணோம். அகஸ்டஸ், குஸ்தாவஸ், இரண்டும் லத்தீனில் அதே எழுத்துகளை மாற்றிப் போட்டால் வருவது, ஆகவே அந்த இடம் நம் ராஜாவுக்குத்தான் என்பது கணக்கு.

சரி, இவ்வளவு பெரிய மிடுக்குக்குப் பின்னால் இருந்த நாடு எப்படிப்பட்டது? பின்லாந்தையும் சேர்த்து மொத்தம் பத்துப் பன்னிரண்டு லட்சம் சனம். ஸ்டாக்ஹோமில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். 1613-ல் டென்மார்க்கோடு சமாதானம் ஆனபோது, மேற்குக் கடலுக்கு இருந்த ஒரே வாசலான எல்வ்ஸ்பொரி கோட்டையை மீட்க பத்து லட்சம் ரிக்ஸ்டாலர் வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது, அதற்காக ராஜாவிலிருந்து பண்ணை வேலைக்காரர் வரை வரி போட்டு 1619 வரை கட்டித் தீர்த்தார்கள். அந்தப் பணத்தை வாங்கியவர் டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியன். தரங்கம்பாடியில் 1620-ல் கோட்டை கட்டியது இவருடைய ஆட்கள்தான். நம் கடற்கரையில் டேனிஷ் கொடி ஏறிய அதே பத்தாண்டில்தான் அவருடைய பக்கத்து வீட்டு எதிரி இந்தக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இரண்டாம் முறை போனபோதுதான் உறைத்தது.

1625-ல் ரீகா வளைகுடாவில் ஒரே புயலில் சுவீடன் பத்துக் கப்பல்களை இழந்தது. வாசாவுக்கான ஒப்பந்தம் அதற்கு முன்பே, அந்த வருஷத் தொடக்கத்திலேயே ஆகிவிட்டது, புயலுக்குப் பிறகு அவசரம் கூடியது. ஹென்ரிக் ஹூபெர்ட்சன் என்ற டச்சுக்கார மேஸ்திரிதான் பொறுப்பு. ஓக் மரம் ஆயிரம் வெட்டியிருக்கிறார்கள், கப்பல் கட்டும் தளத்தில் ஏறக்குறைய 400 பேர் வேலை பார்த்தார்கள், சுவீடன்காரர், பின்லாந்துக்காரர், டச்சுக்காரர் எல்லாம் கலந்து. நடுவில் மேஸ்திரி நோய்வாய்ப்பட்டு 1627-ல் இறந்துபோனார். அதற்கப்புறம் தளத்தின் நிர்வாகத்தைப் பார்த்தது அவர் மனைவி மார்கரேத்தா நில்ஸ்டாட்டர். 400 ஆள், கூலி, மரம், இரும்பு, எல்லாக் கணக்கும் அவர் கையில். அந்தக் காலத்தில் விதவைக்குக் கணவரின் தொழிலை எடுத்து நடத்த உரிமை இருந்தது, அதனால் இது அதிசயமும் இல்லை, ஆனால் பெண்களைப் பற்றிய அந்தப் பகுதியை அருங்காட்சியகம் தனியாக வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. மேஸ்திரிக்கு அடுத்தவர் ஹெய்ன் யாகப்சன் கப்பலை முடித்தார்.

இங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தேடிப் பாருங்கள், சின்னது, பலர் தாண்டிப் போய்விடுவார்கள். தச்சர்களின் முழக்கோல்கள். கப்பலுக்குள்ளே நான்கு கிடைத்தன. இரண்டு சுவீடன் அடிக்கு, அடிக்கு 12 அங்குலம். மற்ற இரண்டும் ஆம்ஸ்டர்டாம் அடிக்கு, அடிக்கு 11 அங்குலம். ஆக, ஒரே கப்பலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் வேறு வேறு அடியில் அளந்திருக்கிறார்கள். கப்பலை இன்று அளந்து பார்த்தால் இடது பக்கத்தில் மரம் கூடுதல், எடை கூடுதல். அப்பா அந்தப் பெட்டி முன்னால் அசையாமல் நின்றார். பொதுப்பணித் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவர். இதனால்தான் மூழ்கியதா என்று கேட்டார். இல்லை, முக்கியக் காரணம் மேற்பாரம். மேல்தளம் தேவைக்கு மீறிக் கனமாகக் கட்டப்பட்டது, இரண்டு தளத்திலும் 24 பவுண்டு குண்டு போடும் பெரிய பீரங்கிகள், மொத்தம் 64 பீரங்கிகள், அடியில் போட்ட கற்பாரம் 120 டன். சரி, கல்லைக் கூடப் போட்டிருக்கலாமே என்றால் அதுவும் முடியாது, கப்பல் இன்னும் தாழ்ந்து கீழ்த்தளத்துப் பீரங்கிச் சன்னல் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். கப்பல் கவிழுமா கவிழாதா என்று முன்கூட்டியே கணக்குப் போடும் முறையே அன்று கிடையாது, மேஸ்திரியின் அனுபவம்தான் கணக்கு.

ஆனால் கணக்கு இல்லையென்றாலும் கண் இருந்தது, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கப்பல் அரண்மனைக்குக் கீழே கட்டியிருந்தபோது, 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்று தடவை ஓடியதற்கே ஆட்டம் கூடிக்கொண்டே போனது, இன்னும் ஓடினால் கட்டிய இடத்திலேயே கவிழும் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள். பார்த்துக்கொண்டு நின்றவர் துணைத் தளபதி கிளாஸ் ஃப்ளெமிங், கடற்படையில் அன்று பெரிய புள்ளி. கப்பலின் படகோட்டித் தலைவர் யோரான் மாட்சன் அவரிடம் சொல்லியும் இருக்கிறார், இதற்கு அடியில் வயிறு போதாது என்று. மேஸ்திரி இதற்கு முன்னாலும் கப்பல் கட்டியவர்தான், நீ கவலைப்படாதே என்று பதில் வந்தது. ராஜா ஊரில் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் ஃப்ளெமிங் சொன்னதாக மாட்சன் பிறகு சாட்சி சொன்னார்.

ராஜா ஊரில் இல்லை. பிரஷ்யாவில், போலந்தோடு நடந்த சண்டையில் போர்க்களத்தில் இருந்தார், கப்பல் எப்போது வரும் எப்போது வரும் என்று அங்கிருந்து கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஒப்புதலோடு நடந்துகொண்டிருந்த வேலையை நிறுத்து என்று சொல்லும் துணிச்சல் ஸ்டாக்ஹோமில் ஒருவருக்கும் இல்லை. இதை நான் கோழைத்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடமாட்டேன். அன்றைய ராஜ்ஜிய சபையில் இருந்தவர்கள் எல்லோரும் பெரிய பிரபு வீட்டுக்காரர்கள், 1600-ல் தலை உருண்டதை நினைவில் வைத்திருந்த தலைமுறை. குஸ்தாவ் அடால்ஃப் பட்டத்துக்கு வந்தபோது பிரபுக்களைக் கலக்காமல் முடிவெடுக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார், தலைமை அமைச்சர் போன்ற பதவியான சான்சலர் பதவியில் இருந்த ஆக்செல் ஊக்சென்ஷேர்னாவும் அவரும் சேர்ந்து நீதிமன்றம், வரிக்கணக்கு, பிரபுக்கள் சபை என்று எல்லாவற்றுக்கும் சட்டம் எழுதி வைத்தார்கள், ஐரோப்பாவிலேயே ஒழுங்கான நிர்வாகம் என்று பெயர் எடுத்த அரசு அது. அவ்வளவு எழுத்து இருந்தும் 30 பேர் ஓடியபோது கண்ணால் கண்டதை எழுதி அனுப்பக் கை எழவில்லை.

மூழ்கிய மறுநாளே கப்பல் தலைவர் சோஃப்ரிங் ஹான்சனைப் பிடித்துவிட்டார்கள். பீரங்கிகளைக் கட்டவில்லையா, குடித்திருந்தாயா என்று கேள்வி. கட்டியிருந்தது, நிதானமாகத்தான் இருந்தோம் என்று சத்தியம் செய்தார். செப்டம்பர் 5-ல் அரண்மனையில் பெரிய விசாரணை. 17 பேர் கொண்ட குழு, தலைமை கார்ல் கார்ல்சன் யில்லென்ஹெல்ம். இவர் யாரென்றால் ராஜாவுக்கு அண்ணன் முறை, அதாவது அப்பா கார்லுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர், போலந்துக்காரர்களிடம் சிக்கி 12 வருஷம் சிறையிலிருந்தவர். அவர் காலில் கிடந்த விலங்கு இன்றும் ஸ்ட்ரெங்னெஸ் தேவாலயத்தில் அவர் கல்லறை மேலே தொங்குகிறது. குடும்பச் சண்டைக்கு அந்த அளவுக்கு விலை கொடுத்த மனிதர்தான் அந்த மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

விசாரணைப் பகுதியை நின்று நிதானமாகப் படியுங்கள், மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். யாகப்சனைக் கேட்டார்கள். ராஜா ஒப்புக்கொண்ட அளவுப்படிதான் கட்டினேன் என்றார். இறந்துபோன மேஸ்திரியின் பங்குதாரர் அரெண்ட் டெ க்ரோத்தைக் கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார். அப்படியானால் ஏன் கவிழ்ந்தது என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில், அது கடவுளுக்குத்தான் தெரியும் என்பது. அந்த இடத்தில் அப்பா திரும்பி, "ஏம்மா, அப்போ அளவுக்கு ஒப்புதல் கையெழுத்து ராஜாவோடதுதானே?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். "அப்போ கோப்பு அதோட மூடிடும்" என்றார். மூடித்தான் விட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. செய்தி பிரஷ்யாவுக்குப் போய்ச் சேரவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது, அஜாக்கிரதையால் வந்த வினை, குற்றவாளிகளைத் தண்டியுங்கள் என்று அங்கிருந்து ராஜா எழுதினார். யாரைத் தண்டிப்பது?

இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. வாசாவின் ஜோடிக் கப்பல் எப்லெட், அதே தளத்தில் அதே ஆட்கள் கட்டியது, 1629-ல் தண்ணீரில் இறங்கியது. வாசாவைவிட ஒரு மீட்டர் போல அகலம். அது முப்பது வருஷம் ஓடியது. கடைசியில் கடற்படையே அதை 1659-ல் வேண்டுமென்றே மூழ்கடித்தது, அதன் உடல் வாக்ஸ்ஹோல்ம் பக்கத்தில் 2021-ல் கிடைத்தது. ஒரு மீட்டர். முழக்கோல் பெட்டியைப் பார்த்த பிறகு இதைக் கேட்டால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அடுத்து கீழ்த்தளம். மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள், குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், எலும்புக்கூடுகள் இருக்கின்றன. அன்று கப்பலில் ஏறக்குறைய 150 பேர் இருந்தார்கள், படைவீரர்கள் 300 பேர் அடுத்த துறையில் ஏற வேண்டியவர்கள், அதுவரைக்கும் மாலுமிகள் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். முப்பது பேர் போல இறந்தார்கள். இந்த எலும்புகளில் ஒன்றுக்கு ஜி என்று எழுத்துக் கொடுத்து, ஆண் என்று நினைத்து குஸ்தாவ் என்று கூப்பிட்டு வந்தார்கள். 2023-ல் மரபணுப் பரிசோதனையில் அது பெண் என்று தெரிந்தது. இப்போது கெர்ட்ரூட் என்கிறார்கள். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. தடயவியல் சிற்பி செய்த முகங்களை வைத்திருக்கிறார்கள், தோல் சுருக்கம், முடி, ஈரமான கண் எல்லாம் உண்மை போலவே. அப்பா மேலே இரண்டு மணி நேரமாக ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர், இங்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பக்கத்திலேயே ஒரு மாலுமியின் மரப்பெட்டி. மூடி கெடாமல் கிடைத்தது, உள்ளே கம்பளித் தொப்பி மேலாக வைத்திருந்தபடியே இருந்தது, அதன் கீழே தைக்கிற சாமான், சீப்பு, கையுறை. வெளியூர் போகிறவன் அடுக்கிய பெட்டி. கிடைத்த காசு நாலாயிரத்துக்கு மேல், பெரும்பாலும் செம்புக் காசு. செம்பு ஏன் என்றால், ஃபலூன் சுரங்கத்தில் ஐரோப்பாவுக்கே போகிற அளவு செம்பு இருந்தது, வெள்ளி இல்லை, 1624-லிருந்து செம்பிலேயே காசு அடித்தார்கள். பின்னாளில் 1644-ல் பத்து டாலர் (அன்றைய சுவீடன் நாணயம்) மதிப்புக்கு ஒரே செம்புத் தகடு அடித்தார்கள், ஒன்றின் எடை 19 கிலோவுக்கு மேல். அந்தக் கனம் பொறுக்காமல்தான் 1661-ல் ஐரோப்பாவின் முதல் காகிதப் பணம் ஸ்டாக்ஹோமில் அச்சானது. அது வாசாவின் கதை இல்லை, ஆனால் அந்தச் செம்புக் காசு குவியலைப் பார்த்தால் எனக்கு அது ஞாபகம் வரும்.

கப்பலின் கதையைத்தான் இந்த இடம் சொல்கிறது, அதற்குத்தான் கட்டியிருக்கிறார்கள். கப்பலுக்குப் பணமும் ஆளும் கொடுத்த குடியானவனின் கதையை நாமே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஆகவே போவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள் என்பது என் யோசனை. சுவீடன் பாராளுமன்றத்தில் நான்கு வகுப்பு, பிரபுக்கள், பாதிரிமார், நகரத்தார், நான்காவதாகக் குடியானவர்கள். ஐரோப்பாவில் வேறெங்கும் குடியானவனுக்கு இப்படித் தனி இருக்கை கிடைத்தது அபூர்வம், சொந்த நிலமோ அரசு நிலமோ வைத்திருந்தவருக்கு மட்டும்தான் என்றாலும். இருக்கை இருந்தது, கூடவே மாட்டுக்கு ஒரு வரி, மாவு அரைக்க ஒரு வரி, அப்புறம் ஆள் எடுப்பு. ஊர்த் தேவாலயத்தில் ஆண்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து நிறுத்தி, ஒரு பத்துக்கு ஒருவரை எடுப்பார்கள். பிரபுவின் நிலத்தில் இருப்பவனுக்குச் சலுகை உண்டு. வடக்கே பிக்தியோ என்ற ஊர், அதன் கணக்கு முழுசாகக் கிடைத்திருக்கிறது. 1621-லிருந்து 1639 வரை அங்கிருந்து போலந்துக்கும் ஜெர்மனிக்கும் சண்டைக்குப் போனவர்கள் 230 பேர். செத்தவர்கள் 215. கடைசி வருஷங்களில் பதினைந்து வயதுப் பையன்களை எடுத்திருக்கிறார்கள், வேறு ஆள் இல்லாமல். அந்த எண்ணோடு மேல்தளத்துக்குத் திரும்பிப் போய், 20 ரோமானியப் பேரரசர்களையும் இன்னொரு முறை பார்த்தேன்.

நடைமுறை விஷயம் கொஞ்சம். 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் வழிகாட்டிச் சுற்று நுழைவுச்சீட்டிலேயே சேர்ந்தது, தனிப்பணம் இல்லை, கட்டாயம் அதில் சேர்ந்துகொள்ளுங்கள், நேரத்தை வாசலிலேயே கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலிக்கு மாடிக்கு மாடி லிஃப்ட் இருக்கிறது. சிறு படம் ஒன்று ஓடும், முதலில் அதைப் பார்த்துவிட்டால் மற்றது சுலபமாகப் புரியும். கோடையில் நடுப்பகலில் கூட்டம் நெரியும், காலையில் திறக்கும்போதே போய்விடுவது நல்லது. என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து, யோசிக்கவே இல்லை.

இன்னொரு அரை நாள் இருந்தால் பழைய நகரத்துக்குப் போங்கள். ரிட்டர்ஹூசெட், பிரபுக்கள் மாளிகை, திறந்திருக்கும் நேரம் குறைவு, பார்த்துவிட்டுப் போக வேண்டும். பெரிய கூடத்தின் சுவர் முழுக்க 2,300-க்கு மேற்பட்ட குடும்பச் சின்னங்கள், வெற்றிடமே இல்லாமல். அப்புறம் அரண்மனைக்கு அடியில் நிலவறையில் லீவ்ருஸ்ட்காமரன், ராஜ குடும்பத்தின் ஆயுதசாலை. குஸ்தாவ் அடால்ஃப் 1632-ல் லூட்சன் போர்க்களத்தில் செத்தபோது ஏறியிருந்த குதிரை ஸ்ட்ரெய்ஃப், பாடம் பண்ணி நிறுத்தியிருக்கிறது. அன்று அவர் போட்டிருந்த மான்தோல் அங்கி இருக்கிறது. இரும்புக் கவசம் போடாமல் தோல் அங்கியோடு ஏன் போனார் என்றால், 1627-ல் பிரஷ்யாவில் தோளில் பட்ட குண்டு உள்ளேயே தங்கிவிட்டது, கவசத்தின் கனம் அதன்மேல் தாங்கவில்லை.

அந்த 1627 காயத்தின்போது போட்டிருந்த உடையும் அங்கேதான் இருக்கிறது. அதை என்றைக்கும் நினைவாக ஆயுதசாலையில் பத்திரப்படுத்தி வையுங்கள் என்று ராஜாவே உத்தரவு போட்டார். சுவீடனின் மிகப் பழைய அருங்காட்சியகம் அந்த உத்தரவிலிருந்துதான் பிறந்தது என்கிறார்கள். உத்தரவு போட்ட வருஷத்தைப் பலகையில் பார்த்ததும் அப்பா என் கையைத் தட்டிக் காட்டினார், 1628. மாலுமியின் தொப்பி பெட்டியோடு தண்ணீருக்குள் போனதும் அதே வருஷம். அன்று சாயந்திரம் நாங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள், ஆனால் அப்பா திரும்பவும் படகில் போகலாம் என்றார், போனோம். பெக்ஹோல்மன் வரும்போது எழுந்து அந்தப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.